எல்லாப் பிரதிகளும் விற்றுவிட்டன

மபாஸ் நானா தொலைபேசியில் அழைத்தபோது துஷாந்தினி ஒரு பெரியவருக்குச் சேமலாப நிதி விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, உங்கட புக் எல்லாம் முடிஞ்சி. இன்னம் இருந்தா அனுப்புங்க."

அவள் பேனாவை வைத்துவிட்டுக் கடைக்கு வெளியே வந்தாள். "எது நானா? என்னோடதா?"

"உங்கடதுதான். 'பதினோராம் நம்பர் மலை'. அறுபதும் போயிட்டு."

அந்த அறுபது பிரதிகளையும் ஆறு மாதங்களுக்கு முன் அவளே பஸ்ஸில் சுமந்துபோய், பதுளைச் சந்தைக்குப் பக்கத்திலிருக்கும் அவருடைய புத்தகக் கடையில் இறக்கியிருந்தாள். போன மாதம் விசாரித்தபோது நான்கு விற்றிருந்தன. நான்கில் ஒன்றை வாங்கியது அவளுடைய சித்தி மகள்.

துஷாந்தினிக்கு முப்பத்தொன்பது வயது. பசறை பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு கொமியூனிகேஷன் கடை இருக்கிறது. போட்டோக்கொப்பி, போன் ரீலோட், அடையாள அட்டைப் படம். அதன் மூலையில் அவளுக்கு ஒரு மேசை. சிங்களமும் தமிழும் நன்றாக எழுதத் தெரியும் என்பதால் பிறப்புச் சான்றிதழ், பொலிஸ் முறைப்பாடு, மந்திரிக்கு மனு என்று எதுவானாலும் தோட்டத்து ஆட்கள் அவளைத் தேடி வருவார்கள். அது பிழைப்பு. கதை எழுதுவதுதான் தன் வேலை என்று அவள் மனதுக்குள் வைத்திருந்தாள், வாய்விட்டுச் சொன்னதில்லை. விடியற்காலை நாலரைக்கு எழுந்து, அடுப்பில் தண்ணீர் கொதிக்கும்போதே தொலைபேசியில் கட்டைவிரலால் தட்ட ஆரம்பிப்பாள். மத்தியானம் ஆட்கள் வராத நேரத்தில் பிழையாகிப்போன படிவங்களின் பின்பக்கத்தில் எழுதுவாள். பன்னிரண்டு கதைகள் சேர ஆறு வருடங்கள் ஆயின. பதிப்பகங்கள் எதுவும் பதில் போடவில்லை. கடைசியில் பதுளையில் அச்சகம் வைத்திருக்கும் ஜுனைதீன் நானாவிடம் கொடுத்துத் தானே முந்நூறு பிரதிகள் அடித்தாள். அட்டைப்படம், கணவன் சுரேஸ் தன் ஓட்டோவுக்குள் இருந்தபடி எடுத்த மூடுபனிப் பாதை. தோட்டத்து மண்டபத்தில் வெளியீட்டுக்கு நாற்பது பேர் வந்தார்கள். வடை தீர்ந்ததும் பாதிப்பேர் எழுந்துபோனார்கள். பதுளை, பண்டாரவளை, வெலிமடைக் கடைகளுக்குக் கொடுத்தது போக மிச்சத்தை ஈரம் ஏறாமல் பொலித்தீன் சுற்றிக் கட்டிலுக்கடியில் வைத்திருந்தாள்.

அன்றைக்கே பண்டாரவளைக் கடையிலிருந்தும் செய்தி வந்தது. மறுநாள் வெலிமடை. எல்லாம் முடிந்துவிட்டதாம்.

சுரேஸ் கட்டிலுக்கடியில் குனிந்து பொதிகளை இழுத்து வெளியே போட்டான். "இனிமே ஒனக்கு ரசிகர் மன்றந்தான். நான் ஓட்டோவுல ஒன் படத்த ஒட்டிக்கிட்டுப் போறேன்."

பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் தயானி அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அன்றிரவு துஷாந்தினிக்குத் தூக்கமே பிடிக்கவில்லை. சந்தோசத்தில்தான்.

கட்டிலுக்கடியில் இருந்த பிரதிகளைச் சனிக்கிழமை மபாஸ் நானாவின் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். திங்கட்கிழமை அவையும் போய்விட்டன.

"யாரு நானா வாங்குறாங்க? பள்ளிக்கூடப் புள்ளைங்களா?"

மபாஸ் நானா குரலைத் தாழ்த்தினார். "ஒரே ஆள்தான் தங்கச்சி. முந்தியும் அவர்தான். வெள்ளைச் சேட்டு போட்டவர், கையில குடை. எல்லாத்தையும் பெட்டியில போடச் சொல்லி வேன்ல ஏத்திட்டுப் போனார்."

"எல்லாத்தையுமா? எதுக்கு?"

"தெரியா. வாசிக்கிற மனிசன் மாதிரித் தெரியல்ல. இதுக்கு முன்ன வேற ஆர் ஆர் வாங்கினதுன்டு கேட்டார். எனக்கு ஞாபகமிருந்த ரெண்டு பேரச் சொன்னன். அதை எழுதிக்கொண்டார்." பிறகு, "சொல்லியிருக்கப்படாதோ?" என்று கேட்டார்.

அவள் அந்தச் செய்தியை ஒரு பக்கமாக வைக்கப் பார்த்தாள். யாரோ வெளிநாட்டுத் தமிழர், பள்ளிக்கூடங்களுக்குக் கொடுக்க வாங்குகிறார். அப்படியும் நடப்பதுண்டு. ஆனால் யார் வாங்கினார்கள் என்று கேட்டு அவர் ஏன் எழுதிக்கொள்ள வேண்டும்?

வியாழக்கிழமை ஜுனைதீன் நானா அச்சகத்துக்கு வரச்சொன்னார். தொலைபேசியில் எதுவும் சொல்லவில்லை. அறுபது தாண்டிய மனிதர். எழுத்துக்கோத்து அச்சடித்த காலத்திலிருந்து தொழிலில் இருப்பவர். யந்திரத்தை நிறுத்திவிட்டு அவளை உள்ளே கூப்பிட்டார்.

"மகள், ஒரு ஆள் வந்தார். உங்கட புத்தகத்த திரும்ப அடிக்கப் போறீங்களான்டு கேட்டார். அடிக்கப் படாதாம். ஒரு வருசத்துக்கு அவருட ஹோட்டல் வேலையெல்லாம் எனக்குத் தாராராம். கம்பியூட்டர்ல இருக்கிறதையும் அழிக்கச் சொன்னார், முன்னுக்கு நின்டுகொண்டு."

"அழிச்சிட்டீங்களா நானா?"

"அழிச்சிக் காட்டினன்." அவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு சிறிய பென்டிரைவை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். "இது அவருக்குத் தெரியா. என்ன எழுதினீங்க மகள் அதுல?"

என்ன எழுதினோம் என்று அவளுக்கே தெரியவில்லை. வீடு திரும்பும் பஸ்ஸில் பன்னிரண்டு கதைகளையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். குடித்துவிட்டு வரும் தகப்பன், குளவி கொட்டி இறந்த கொழுந்துக்காரி, சவூதிக்குப் போன அம்மா. இதில் எதற்கு ஒரு மனிதன் இவ்வளவு பயப்படவேண்டும்?

பதில் வெள்ளிக்கிழமை கிடைத்தது. அவர்கள் இருக்கும் ஆடன்மோர் தோட்டத்து வாசிகசாலைக்கு அவள் இரண்டு பிரதிகள் கொடுத்திருந்தாள். ஒன்றைக் காணவில்லை. மற்றது இருந்தது. எடுத்துப் புரட்டினாள். அறுபத்தொன்றாம் பக்கத்திலிருந்து எழுபதாம் பக்கம் வரை பிளேடால் வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. அவசரமில்லாத வெட்டு. தையலுக்குப் பக்கத்தில் ஒரு நூலளவு காகிதம் மட்டும் நேர்கோடாக நின்றது.

அந்தப் பத்துப் பக்கங்களில் இருந்த கதையின் பெயர் 'தாங்கி'.

தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கும் மணி என்ற இளைஞன், கணக்கில் வராத தேயிலை லொறியில் ஏறுவதைப் பார்த்துவிடுகிறான். ஒருநாள் வேலைக்குப் போனவன் வீடு திரும்பவில்லை. கொழும்புக்கு ஓடிவிட்டான் என்கிறார்கள். தாய் பல வருடம் தேடுகிறாள். அவள் தினமும் தண்ணீர் பிடிக்கப் போகும் வழியில், தொழிற்சாலைத் தண்ணீர்த் தாங்கிக்குள், சீமெந்துக்குக் கீழே மகன் கிடப்பது வாசகருக்குத் தெரிகிறது. தாய்க்குக் கடைசிவரை தெரியாது. கதை நடக்கும் இடத்தை நுவரெலியாப் பக்கம் என்று மாற்றியிருந்தாள். பெயர்களை மாற்றியிருந்தாள். முடிவு முழுக்க அவளுடைய கற்பனை.

அன்று சாயந்தரம் சுரேஸ் நேரத்தோடு வந்துவிட்டான். ஓட்டோவை நிறுத்திவிட்டு இறங்காமலே இருந்தான். அவள் போய்க் கையைத் தொட்டபோதுதான் பேசினான்.

"பதுளையில இருந்து ஒரு ஹயர். வெள்ளைச் சட்டை போட்ட மனுசன். பசறைக்குப் போகணும்னாரு. ஏறி ஒக்காந்ததுலருந்து ஒன்னப் பத்தியே பேச்சு. 'ஒங்க வைஃப் நல்லா எழுதுறாங்க. கற்பனை கூடுனா கண்ணுதான் கெட்டுப்போகும், சொல்லி வைங்க'ன்னாரு. எறங்கறப்ப, 'மக ஆறே முக்கால் பஸ்ஸுலதானே போகுது, முன் சீட்டுல ஒக்காரச் சொல்லுங்க, இந்த ரோட்டு வளைவு மோசம்'னாரு."

"யாருன்னு தெரிஞ்சிச்சா?"

"தெரியாம என்ன. விஜேந்திரன். நம்ம பழைய டீமேக்கர்."

ஆடன்மோர் தொழிற்சாலைக்கு அந்த நாளில் பொறுப்பாக இருந்தவர் அவர்தான். தொழிற்சாலை மூடி பதின்மூன்று வருடங்கள் ஆகின்றன. இப்போது எல்ல நகரத்தில் அவருக்கு விருந்தினர் விடுதி இருக்கிறது, மூன்று வேன்கள் இருக்கின்றன. பாழடைந்த அந்தத் தொழிற்சாலையையும் குத்தகைக்கு எடுத்திருந்தார். வெள்ளைக்காரர்கள் வந்து தங்க ஹோட்டலாக்கப் போவதாகப் பேச்சு.

துஷாந்தினி திரும்பி, மகள் வீட்டுக்குள் இருக்கிறாளா என்று பார்த்தாள். பயம் ஒரு பக்கம். அதைவிட, இப்போதுதான் அவளுக்கு இராக்கம்மாவின் நினைவு வந்தது.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மழைநாளில் இராக்கம்மா அவளுடைய மேசைக்கு வந்தாள். தொழிற்சாலைக்குக் கீழேயுள்ள லயத்தில் இருப்பவள். அவளுடைய மகன் நிமலன், தொழிற்சாலை மூடுவதற்கு முன் அங்கே இரவு வேலைக்குப் போய்க் காணாமல் போனவன். இருபத்துநாலு வயது. அப்போது பொலிஸ் முறைப்பாடே எடுக்கவில்லை. வயது வந்த பையன், எங்காவது போயிருப்பான் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுபடி ஒரு மனு எழுதித் தரச்சொல்லிக் கேட்டாள். துஷாந்தினி எழுதிக் கொடுத்தாள். பதில் வரவில்லை. அந்தத் தாயின் முகம் மனதை விட்டுப் போகாமல், நான்கு மாதம் கழித்து அவள் 'தாங்கி'யை எழுதினாள்.

மேசையின் கீழ்த்தட்டில் பழைய மனுக்களின் கொப்பிகள் இருந்தன. மறுநாள் கடை திறந்ததும் முதல் வேலையாக இராக்கம்மாவுடையதைத் தேடி எடுத்தாள். உயரம், நிறம், உடுத்தியிருந்த சட்டை, கடைசியாகக் கண்ட திகதி. எல்லாம் ஒழுங்காக இருந்தன. இராக்கம்மா சொன்ன ஒன்று மட்டும் இல்லை. அவள் பேசிக்கொண்டே போகையில் நடுவில் சொன்னது: 'அந்தக் கெழமை முழுக்க எங்களுக்குத் தண்ணி இல்ல புள்ள. டேங்கு ஒடஞ்சி போச்சின்னு சொல்லி சீமெந்து பூசுனாங்க. தண்ணியும் இல்லாம, புள்ளையும் இல்லாம கெடந்தேன்.' தாளில் இடம் போதவில்லை. பொலிசுக்குத் தண்ணீர்ப் பிரச்சினை எதற்கு என்று துஷாந்தினி அதை விட்டுவிட்டாள்.

கதையில் அதை விடவில்லை. ஒருமுறை கோயில் திருவிழாவுக்குக் குறுக்குவழியாகப் போனபோது, தொழிற்சாலைக்குப் பின்னால் இரண்டு தாங்கிகளைப் பார்த்திருந்தாள். ஒன்று திறந்து கிடந்தது, மழைத்தண்ணீரும் பாசியுமாக. மற்றதற்குச் சீமெந்து மூடி. குழாய் இல்லை, ஆள் இறங்க வாய் இல்லை. சாந்துக் கரண்டி இழுத்த தடம் அப்படியே காய்ந்திருந்தது. தண்ணீர்த் தாங்கிக்கு வாயில்லாமல் யாராவது மூடி போடுவார்களா என்று நினைத்தாள். கதைக்கு உதவும் என்றும் நினைத்தாள். அதற்குமேல் நினைக்கவில்லை.

அவள் அந்தக் கொப்பியை எடுத்துக்கொண்டு, மேசையைப் பூட்டிவிட்டு லயத்துக்குப் போனாள்.

இராக்கம்மா வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை.

"வா புள்ள. நீ வருவேன்னு தெரியும்."

"பெரியம்மா, ஒரு விசயம் சொல்லணும்."

"டீமேக்கர் ஐயா வந்தாரு, போன செவ்வாக்கெழமை. இத்தன வருசத்துல இந்த வாசப்படி ஏறாத மனுசன், பிஸ்கட் பக்கட்டோட வந்தாரு. ஒக்காந்து ஒரு புஸ்தகத்த எடுத்து வாசிச்சிக் காட்டுனாரு. ஒரு வரி விடல. முடிச்சிட்டு, 'இத நீதானே அவகிட்ட சொன்னே'ன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இல்லேன்னேன். மெய்யாத்தான். எனக்குத் தெரிஞ்சாத்தானே நான் சொல்ல." கத்தியைக் கட்டையில் கொத்தி நிறுத்தினாள். "ஒனக்கு எப்பருந்து தெரியும் புள்ள?"

"எனக்குத் தெரியாது பெரியம்மா. அது கதை. நானா நெனச்சி எழுதுனது. பொய்யின்னு வச்சிக்கங்க."

"பொய்யின்னா அந்த மனுசன் ஏன் ஊரு ஊராப் போயி வாங்குறாரு?"

கிழவியின் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் துஷாந்தினி தாங்கிக்கொண்டிருப்பாள். எல்லாவற்றையும் சொன்னாள். தண்ணீர் இல்லாத வாரத்தை மனுவில் விட்டதை, மூடியைப் பார்த்ததை, இரண்டையும் கதையில் சேர்த்ததை.

இராக்கம்மா பிளந்த விறகை ஒரு பக்கமாக ஒதுக்கினாள்.

"பொலிசுக்கு எழுதுறப்ப தேவையில்லேன்னு விட்டுட்டே. புஸ்தகத்துக்குத் தேவைப்பட்டுச்சாக்கும்."

பிறகு எழுந்து சேலையை இடுப்பில் செருகினாள். "வா, போவோம்."

மேலே ஏறும்போதே சத்தம் கேட்டது. தொழிற்சாலை முற்றத்தில் ஒரு பெக்கோ இயந்திரம் நின்று பழைய கொட்டகையை இடித்துக்கொண்டிருந்தது. தூறல் விழுந்துகொண்டிருந்தது. இயந்திரம் ஓட்டுபவன் சிங்களப் பையன். துஷாந்தினி கேட்டபோது, பின்பக்கத் தாங்கிகளை இன்றைக்கே உடைத்து நிரப்பவேண்டும் என்று முதலாளி நேற்றிரவு சொன்னதாகச் சொன்னான். வேலை அடுத்த மாதம்தான் இருந்ததாம்.

அவன் சொன்னதை துஷாந்தினி தமிழில் சொல்லி முடிக்கும் முன்பே இராக்கம்மா பின்பக்கம் போய்விட்டாள். மூடியின் விளிம்பைப் பிடித்து ஏறினாள். நடுவில் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். இரண்டு கைகளாலும் சீமெந்தைத் தடவினாள், ஈரமாயிருக்கிற துணியை நீவுகிறவள்போல.

துஷாந்தினி இரண்டு தாங்கிகளையும் படம் எடுத்தாள். அனுப்பப் பார்த்தால் சிக்னல் இல்லை. அந்தப் பள்ளத்தில் ஒருபோதும் இருந்ததில்லை. மேலே கொழுந்து மலைக்கு நடுவிலிருக்கும் பாறைக்கு ஏறவேண்டும், போக வர அரை மணி நேரம். கிழவியை விட்டுப் போவதா?

"போ புள்ள. நான் எங்கயும் போகமாட்டேன்."

ஓடினாள். பாறையில் நின்று, மூச்சு வாங்கியபடி, 'தாங்கி' கதை முழுவதையும் தொலைபேசியில் இருந்த பழைய பிரதியிலிருந்து எடுத்துத் தன் முகநூலில் போட்டாள். கூடவே படங்கள், மனுவின் கொப்பி, நிமலனின் பெயர், திகதி. தனக்குத் தெரிந்த அத்தனை பேருக்கும் அனுப்பினாள்: கூடப் படித்தவர்கள், பத்திரிகைக்காரர்கள், தொழிற்சங்கத்து ஆட்கள், சித்தி மகள். ஒரு மனிதன் பெட்டியில் போட்டு வேனில் ஏற்ற முடியாதபடி அந்தக் கதையை விட்டெறிந்தாள். பக்கத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களிடம், "நிமலன் அம்மா டேங்கு மேல ஒக்காந்திருக்காங்க, வாங்க" என்று கத்தினாள்.

அவள் திரும்பி வந்தபோது பெக்கோ நின்றிருந்தது. தாங்கிக்குப் பக்கத்தில் விஜேந்திரன் நின்றார். வெள்ளைச் சட்டை, சீவிய தலை. தன் குடையை இராக்கம்மாவுக்கு மேலே பிடித்துக்கொண்டிருந்தார். அவருடைய தோளில் தூறல் விழுந்துகொண்டிருந்தது.

"வாங்க தங்கச்சி. வயசானவங்க நனையிறாங்க பாருங்க. நீங்க சொன்னா எறங்குவாங்க."

"நான் சொல்லமாட்டேன்."

"எழுதுறவங்க எழுதிட்டுப் போயிருவீங்க. ஒரு தாயோட மனசக் கெளறி விட்டுட்டீங்களே. உள்ளுக்க ஒண்ணும் இல்லேன்னா என்ன செய்வீங்க?"

"அப்ப தொறந்து பாத்துட்டா போச்சு ஐயா."

அவர் சிரித்தார். குடையைப் பிடித்த கை அசையவில்லை. "நான் புஸ்தகத்தப் பாத்த அன்னைக்கே ஒங்க வீட்டுக்கு வந்திருக்கணும்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். இயந்திரக்காரனுக்குக் கேட்டிருக்காது.

முதலில் நான்கு பெண்கள் கூடையோடு வந்தார்கள். பிறகு அந்த மலையே இறங்கி வந்தது. யாரும் கத்தவில்லை. கூடைகளை இறக்கி வைத்துவிட்டுத் தாங்கியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். விஜேந்திரன் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். குடையை மடக்கிக்கொண்டு வேனுக்குப் போனார். நாலு மணிக்குப் பொலிஸ் வந்தது. நீதவானின் உத்தரவு வர மூன்று நாள் ஆனது. மூன்று நாளும் இராக்கம்மா இறங்கவில்லை. பெண்கள் அவளுடைய தலைக்கு மேலே படங்கு கட்டி, கஞ்சி கொடுத்து, முறை போட்டுக் கூட இருந்தார்கள். தயானி பள்ளிக்கூடம் போகவில்லை. சுரேஸ் ஓட்டோவைத் தொழிற்சாலை வாசலில் குறுக்கே நிறுத்திவிட்டு அதிலேயே உட்கார்ந்திருந்தான்.

நான்காம் நாள் காலையில் மூடியை உடைத்தார்கள். உள்ளே கல்லும் மண்ணும் போட்டு அதன்மேல் சீமெந்து ஊற்றியிருந்தது. மத்தியானத்துக்குப் பிறகு தோண்டியவர்கள் கையைக் காட்டி நிறுத்தினார்கள். வெள்ளை உடுப்புப் போட்ட வைத்திய அதிகாரி இறங்கினார். மேலே வந்த ஒரு தட்டில் எலும்புகளோடு கறுத்த ஒரு செப்புத் தாயத்து இருந்தது. அதைப் பார்க்க இராக்கம்மாவைக் கூப்பிட்டார்கள். அவள் கிட்டப் போய்ப் பார்த்தாள்.

"நான் கட்டுனது" என்றாள். அவ்வளவுதான். அழுகை பிறகு, லயத்துக்கு வந்தபிறகு வந்தது. அந்தச் சத்தத்தை துஷாந்தினி வெளியே வாசலில் நின்று கேட்டாள். உள்ளே போகும் உரிமை தனக்கு இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

விஜேந்திரனைக் கைது செய்தார்கள். மறுநாள் துஷாந்தினியையும் வாக்குமூலத்துக்குக் கூப்பிட்டார்கள்.

பொறுப்பதிகாரி சிங்களத்தில் மரியாதையாகத்தான் பேசினார். தேநீர் வரவழைத்தார். மேசையில் அவளுடைய புத்தகம் இருந்தது. பக்கத்தில் அந்த ஒரு கதையின் சிங்கள மொழிபெயர்ப்பு, கையெழுத்தில்.

"உடல் எங்கே இருக்கிறது என்று சொன்னது யார்?"

"யாரும் சொல்லல சேர். நானே யோசிச்சி எழுதுனேன்."

"தேயிலை லொறி விசயம்?"

"அதுவும் யோசிச்சதுதான்."

"சீமெந்து ஊற்றியதும்?"

"ஆமா சேர். மூடியப் பாத்தேன். பாத்ததால தோணிச்சு."

அவர் பேனாவை மூடிவிட்டு அவளைப் பார்த்தார். "நான் இருபத்தாறு வருடமாக யோசிக்கிறேன். யோசித்து ஒரு பிணத்தைக்கூட நான் கண்டுபிடித்ததில்லை."

அவர் எழுதியதை அவள் தலைகீழாகவே வாசித்தாள். எத்தனையோ பேருக்கு அவள் எழுதிக் கொடுத்த அதே சிங்களம். 'தகவல் தந்தவரின் பெயரைச் சொல்ல இவர் மறுக்கிறார்.'

"நான் மறுக்கல சேர். அப்பிடி ஒரு ஆளே இல்ல."

"அதைத்தான் எழுதியிருக்கிறேன்" என்றார் அவர்.

நீதிமன்றத்தில் விஜேந்திரனுடைய சட்டத்தரணி ஒரு பெட்டியைத் திறந்து புத்தகங்களை மேசையில் அடுக்கினார். 'பதினோராம் நம்பர் மலை'. அடுக்கு அடுக்காக, அட்டையில் சுரேஸ் எடுத்த மூடுபனிப் பாதை. தன் கட்சிக்காரர் அந்தக் கதையை வாசித்து அதிர்ந்துபோனார் என்றார் சட்டத்தரணி. இப்படி ஒரு குற்றம் தன் தொழிற்சாலையில் நடந்திருக்குமோ என்று சந்தேகப்பட்டு, அதை ஆதாரமாகச் சேகரித்தாராம். தாங்கிக்குச் சீமெந்து பூசியது தொழிற்சாலையின் பழைய காவல்காரனாம், அவன் இறந்து எட்டு வருடம். உயிரோடு இருப்பவர்களில் இந்தக் கொலையின் ஒவ்வொரு விவரமும் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் அதை அச்சிலும் போட்டிருக்கிறார். தாயிடம் மட்டும் சொல்லவில்லை என்று முடித்தார்.

கடைசி வரியில் நீதிமன்றமே திரும்பி அவளைப் பார்த்தது. அது பொய்யில்லை என்பதுபோல அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

தகவலை மறைத்ததாக அவளுடைய பெயரும் அறிக்கையில் ஏறியது. பிணையில் விட்டார்கள். ஒவ்வொரு மாதமும் கடைசி ஞாயிறு பொலிஸ் நிலையத்தில் வந்து கையெழுத்துப் போடவேண்டும். கொமியூனிகேஷன் கடைக்காரர் மேசையை எடுக்கச் சொல்லவில்லை. ஆனால் ஆட்கள் வருவது குறைந்தது. வந்தவர்களும் வேண்டியதை மட்டும் சொன்னார்கள். முன்போல வீட்டுக் கதை, மகள் கதை, மாமியார் கதை எதையும் அவிழ்ப்பதில்லை. ஒரு பெண் பாதியில் நிறுத்தி, "இத எதுலயும் எழுதிற மாட்டீங்களே?" என்று கேட்டாள். நாலரை மணிக்கு விழிப்பு வந்தது. எழுந்து அடுப்பை மூட்டினாள். தொலைபேசியைக் கையில் எடுத்தால், என்ன நினைத்தாலும் அது எங்கோ ஒரு மண்ணுக்குக் கீழே உண்மையாகக் கிடக்குமோ என்று விரல் நின்றுவிட்டது.

இராக்கம்மா அவளை மன்னித்ததாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் முதல் மாதத்தின் கடைசி ஞாயிறு துஷாந்தினி பொலிஸ் நிலையத்துக்குப் போனபோது, வெளி வாங்கில் இராக்கம்மா உட்கார்ந்திருந்தாள். யாரும் கூப்பிடவில்லை. அடுத்த மாதமும் வந்தாள். அதற்கடுத்த மாதமும். சாட்சி சொல்லத் துஷாந்தினி ஒருத்திதான் மிச்சம் என்று இராக்கம்மா நினைத்திருக்கலாம். கேட்டால் சொல்லமாட்டாள் என்பதால் துஷாந்தினி கேட்கவில்லை.

கைதாகிப் பத்தாவது மாதம், மேல்நீதிமன்றம் விஜேந்திரனுக்குப் பிணை கொடுத்தது. செய்தியை சுரேஸ்தான் சொன்னான். மகளை அன்றே பதுளையில் அவளுடைய அத்தை வீட்டில் கொண்டுபோய் விட்டான்.

அந்த மாதக் கடைசி ஞாயிறு துஷாந்தினி உள்ளே போனபோது, கையெழுத்துப் புத்தகத்தின் முன்னால் அவர் குனிந்து நின்றார். கொஞ்சம் மெலிந்திருந்தார். சட்டை அதே வெள்ளை. கையெழுத்துப் போட்டு முடித்து நிமிர்ந்தவர் அவளைக் கண்டதும் விலகி வழிவிட்டார். பேனாவைத் திருப்பி, அதன் பிடி அவள் பக்கம் இருக்கும்படி நீட்டினார்.

அவள் வாங்கினாள். அது அவருடைய கையின் சூட்டோடு இருந்தது. அவருடைய பெயருக்குக் கீழே, அடுத்த கட்டத்தில், தன் முழுப் பெயரையும் எழுதினாள். திகதி போட்டாள். எழுத்து கோணியது. கான்ஸ்டபிள் பார்த்துவிட்டுத் தலையாட்டினான்.

வெளியே வந்தபோது இராக்கம்மா எழுந்து நின்றாள். இருவரும் பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தார்கள். வீதிக்கு எதிர்ப்பக்கத்தில் வெள்ளை வேன் நின்றது. அவர் ஏறி உட்கார்ந்திருந்தார், கண்ணாடியை இறக்கிவிட்டு. இயந்திரத்தை இயக்கவில்லை.

"அங்கிட்டுப் பாக்காத புள்ள" என்றாள் இராக்கம்மா.

அவள் பார்த்தாள். பஸ் வர இருபது நிமிடம் ஆனது. அதுவரை வேன் அங்கேயே நின்றது. அவர்கள் ஏறி, பஸ் முதல் வளைவில் திரும்பும்போது, பின்னால் வேனின் விளக்குகள் எரிந்தன.